பெட்டிக்காரனின் தூக்கம்

எங்கள் தொழிலில் வீடு கண்ணில் படுவதற்கு முன் அழுகை காதில் விழுந்துவிடும். இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்குக் கொண்டுபோய் வைப்பவன் நான். வேன் கண்ணாடியை இறக்கிவிட்டு, சத்தம் வரும் பக்கமாகப் பைய ஓட்டினால் போதும்; விலாசம் கேட்க வேண்டியதில்லை. ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? பகலில் படுத்தால் அந்தச் சத்தமும் கூடவே வந்து படுத்துக்கொள்ளும். போன ஐப்பசி மழையில் பெட்டி ஒரு நாளும் சும்மா கிடக்கவில்லை. எனக்குத் தூக்கம் அடியோடு போயிற்று. வண்டி ஓட்டும்போதே கண் இருட்டியது. தூக்கம் வரட்டுமென்று கிடைத்த பக்திப் புத்தகத்தையெல்லாம் வேனில் வைத்துப் படித்தேன். எழுத்து கலங்கியதுதான் மிச்சம்.

வாய்ப்பழக்கம்

சாவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் இறங்கிவிட வேண்டும். தூக்கம் கெட்ட மயக்கத்தில், டவுனில் ஒரு வீட்டில் எனக்கு வாய் தவறிவிட்டது. ஒயரைச் செருகி, பெட்டி குளிர்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப வாரேன் அண்ணாச்சி" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மூலையில் கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தார் செத்தவருடைய அண்ணன். மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"யாருக்குவே வருவீரு? எனக்கா?"

தீபாராதனை

மறுநாள் ஆற்றில் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடு சிவன் கோயிலுக்குப் போனேன். ஒரே ஒரு பகல் என்னைத் தூங்க வை என்பதுதான் வேண்டுதல். தீபாராதனை நேரம் பார்த்து இடுப்பில் போன் அடித்தது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். எடுக்காவிட்டால் அடுத்த பெட்டிக்காரனுக்குப் போய்விடும். மணிச் சத்தத்தில் அவர்களுக்கு நான் பேசுவது கேட்கவில்லை. "பெட்டிக்கு ஆள் என்ன உயரம்?" என்று நான் கத்தவும் மணி நிற்கவும் சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் தன் வீட்டுக்காரரை ஓரமாக இழுத்துக்கொண்டு கேட்டார்.

"சாமி முன்னால நின்னுக்கிட்டு யாருக்கு அண்ணாச்சி பெட்டி பேசுதிய?"

ஜெபம்

அந்த வாரமே பாளையங்கோட்டையில் ஒரு டீச்சரம்மா வீடு. அவர் கணவர் தவறியிருந்தார். காலையில் ஜெபத்துக்கு ஆட்கள் கூடியபோது, பெட்டி போட்ட உறுமலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபம் முடிகிறவரை நிறுத்தலாமா என்று டீச்சர் கேட்டார். நிறுத்திவிட்டு, மறுபடி போடுவதற்காக வாசல்படியில் காத்திருந்தேன். டீச்சர் வீட்டார் கிறிஸ்தவர்கள்; நான் வேதக்காரன் இல்லை. உள்ளே ஒருவர் நோயாளிகளுக்காக, பயணம் போகிறவர்களுக்காக என்று ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொண்டு வந்தார். "ராத்திரியெல்லாம் கண் முழிச்சு வேலை செய்யுதவங்களுக்காக" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆமென் விழவில்லை.

முழித்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. பெட்டி! நிறுத்தினது நிறுத்தினபடியே கிடந்தால் என்ன ஆவது? உள்ளே ஓடினேன். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான் தம்பி சுவிட்சப் போட்டேன். ரெண்டு பேரும் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

படியிறங்கும்போது

அடக்கம் முடிந்தபின் பெட்டியை எடுக்கப் போனேன். ஏற்றிக் கட்டிவிட்டு, இந்தத் தடவை கவனமாக வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன். டீச்சர் பின்னாலேயே வந்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"ஏன் தம்பி சொல்லாமப் போறிய? வாரேன்னு சொல்லுங்க. இந்தப் பெட்டிய ஒங்க வீட்டுல வச்சிட்டு ஒரு நாள் காப்பி குடிக்க வாங்க."

இன்னும் போகவில்லை, அப்படி ஒரு தூக்கமும் பிறகு வரவில்லை. நான் கேட்டது ஒரு சாமியிடம், கொடுத்தது இன்னொரு சாமியா என்று யாரிடம் போய் விசாரிப்பது எனத் தெரியாமல், வாளியில் பினாயிலைக் கலக்கி, துணியைப் பிழிந்து, பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.