தோற்றவளுக்குப் புரியும்படி

விழுப்புரம் கோர்ட்டு கேன்டீனில் காலைக் கூட்டம் கலைந்து, மத்தியானச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். வக்கீல் குமாஸ்தா மணி அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வந்ததும் டீ கேட்கிறவர் அன்று கேட்கவில்லை.

"அஞ்சலை, நம்ம ஜட்ஜம்மா போய்ட்டாங்களாம்."

"எங்க, பொண்ணு வூட்டுக்கா?" என்று கேட்டேன். ரிட்டயர் ஆனபிறகு ஞானசுந்தரி அம்மா அடிக்கடி மகள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருவார். மணி அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

திண்டிவனத்தில் அவருடைய வீட்டிலேயே, தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. கோர்ட்டில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றபோது நான் கேன்டீன் வாசலில் ஈரக் கையோடு நின்றேன்.

வக்கீல்கள் சேர்ந்து அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். நீயும் எழுது என்றார் மணி அண்ணன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். "எனக்கு சட்டம் தெரியாதேண்ணே" என்றேன். "சட்டம் தெரிஞ்சவங்க நெறைய பேரு எழுதறாங்க. அவங்ககிட்ட கேஸு தோத்தவ ஒருத்தியும் எழுதட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒத்துவராமல், கோலியனூர் பக்கம் காலனியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். கையில் ஒரே பெண், பவித்ரா. எங்களுக்குத் துண்டு நிலம் கிடையாது. தை பிறந்தால் செங்கல் சூளைக்குப் போவோம். மழை பிடிக்கும்வரை அங்கேயேதான். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவேன், அத்தனை மாசமும் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. திண்டிவனத்தில் இருந்த என் மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் சூளையில் வைத்திருக்கிறாள், எங்களிடம் கொடுங்கள் என்று மகனை விட்டு மனுப் போட வைத்தார். பவித்ரா என்னோடு இருப்பாளா, போய்விடுவாளா, இதுதான் வழக்கு.

முதல் வாய்தாவுக்குக் கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டில் கவரிங் ஆரம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். தலை நிறைய பூ. கோவிலுக்குப் போனாலும், பெரிய அதிகாரி முன்னால் போனாலும் நல்லதாகக் கட்டிக்கொண்டு போவதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. எதிர் வக்கீல் எழுந்தார். "சூளையில வேல செய்யறவங்க கட்டியிருக்கற பட்டுப்புடவையப் பாருங்கம்மா, கழுத்தப் பாருங்கம்மா. இதெல்லாம் யாரு வாங்கிக் குடுத்ததுன்னு கேக்கணும்" என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

அடுத்த வாய்தாவுக்கு அக்கா என்னைக் கிழிசல் புடவையில் அனுப்பினாள். "தலைக்கு எண்ண வைக்காதடி. ஜட்ஜுக்கு எரக்கம் வரணும்" என்றாள். இந்தத் தடவை என் வக்கீல் எழுந்து, "இந்த ஏழைத் தாயின் கோலத்தைப் பாருங்கம்மா" என்று ஆரம்பித்தார்.

ஜட்ஜம்மா யார் பேசினாலும் குனிந்து மேசையைப் பார்த்தபடியே கேட்பார். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. அன்று ஒரே ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

"போன வாட்டி பட்டு, இந்த வாட்டி கிழிசல். ரெண்டு வக்கீலும் புடவையப் பத்தியே பேசறீங்க. கொழந்தையப் பத்தி எப்ப பேசப் போறீங்க?" என்று கேட்டார். பிறகு என்னிடம், "அஞ்சலை, நீங்க எத வேணா கட்டிக்கினு வாங்க. நான் பாக்கப் போறதில்ல. பார்த்தா மனசுல ஒட்டிக்கும். அப்புறம் தீர்ப்பு எழுதும்போது அதுவும் கூட உக்காந்து எழுதும்" என்றார்.

அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பதினோரு மணி வாக்கில் அவர் எழுந்து உள்ளே போவார். டப்பாவில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்திருப்பார். அம்மா மல்லாட்டைக்குப் போய்ட்டாங்க என்று வக்கீல்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள். ஒரு நாள் பெரிய வக்கீல் ஒருவர் விடவில்லை. "ரெண்டே நிமிஷம்மா, ஜல்தியா முடிச்சிடறேன்" என்றார்.

"எனக்குப் பசிக்குது சார். பசியில பார்த்தா எதிர்ல நிக்கிற எல்லாருமே பொய் சொல்ற மாதிரி தெரியுது. உங்க கட்சிக்காரருக்குப் பரவால்லன்னா பேசுங்க."

"ஐயோ, சாப்ட்டு வாங்கம்மா. நிதானமா சாப்ட்டு வாங்க" என்று அவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வராந்தா வரைக்கும் சிரிப்பு.

பவித்ராவைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டு விசாரிக்கிற நாள் வந்தது. அன்று காலையில் கோர்ட்டு மரத்தடியிலேயே என் மாமியார் அவளுக்குப் புது கவுன் போட்டு, நடந்தால் விளக்கு எரிகிற ஷூவும் மாட்டிவிட்டார். பிள்ளை குதித்துக் குதித்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஜட்ஜம்மா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "இன்னிக்கு ஷூதான் பேசுது. அடுத்த வாரம் பள்ளிக்கூட உடுப்புல கூட்டிக்கினு வாங்க, இவ பேசட்டும்" என்றார். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்த வாரம் வெகுநேரம் பேசினார்கள். "எம் பொண்ணு என்னம்மா சொன்னா?" என்று தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அது எனக்கும் அவளுக்கும். உங்க ரெண்டு பேருக்குமே சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு யாராவது ஒருத்தர் அவளத் திட்டுவீங்க" என்றார்.

தீர்ப்பு எனக்கு எதிராக வந்தது. பள்ளிக்கூட நாளெல்லாம் பவித்ரா திண்டிவனத்தில் பாட்டி வீட்டில், சனி ஞாயிறு என்னிடம். இங்கிலீஷில் படித்து முடித்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"ஜெயிச்சவங்க தீர்ப்பப் படிக்கவே மாட்டாங்க. தோத்தவங்களுக்குப் புரியணும்னுதான் நான் எழுதறேன். அஞ்சலை, கேளுங்க. நீங்க கெட்ட அம்மான்னு நான் சொல்லல. ஏழைன்னு சொல்லல. வீட்டுக்காரர விட்டுட்டு வந்தது தப்புன்னும் சொல்லல. சூளையில பள்ளிக்கூடம் இல்ல. காரணம் அது ஒண்ணுதான். அது மாறுனா திரும்பி வாங்க."

புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை. பவித்ரா என் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஜட்ஜம்மா கார் கிளம்பும்போது என் அக்கா கீழே குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள். "என் தங்கச்சி வயிறு எரியுதே, நீ நல்லா இருப்பியா?" போலீஸ்காரர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். கார் நின்றது.

"விடுங்க அவங்கள" என்றார் உள்ளேயிருந்து. "நான் சொன்னது தப்புன்னா அப்பீலுக்குப் போம்மா. அங்க இருக்கற ஜட்ஜு என்னத் திருத்துவாங்க. மண்ணத் தூத்துனா காரு மட்டும்தான் அழுக்காவும்."

அப்புறம் நான் சூளைக்குப் போகவில்லை. வாய்தாவுக்குக் காத்திருக்கிற நேரங்களில் கேன்டீன்காரர் சம்சாரத்துக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்த பழக்கம் இருந்தது. அவரிடமே வேலை கேட்டுச் சேர்ந்தேன். கோலியனூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக ஓர் அறை வாடகைக்குப் பார்த்தேன். டீ மாஸ்டர் லீவு போட்ட ஒரு நாள், நான் போட்ட டீயை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். சந்தோஷத்தில் ஜட்ஜம்மாவுக்கும் ஒன்று கொடுத்தனுப்பினேன். கொண்டுபோன டவாலி போட்ட சேவகர் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "யாரு போட்டதுன்னு கேட்டாங்க. உம் பேரச் சொன்னேன். தொடவே இல்ல" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டுத் தம்ளரைத் தொடாதவர்களை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். சாயங்காலம் அவர் கார் பக்கத்தில் போய் நின்றேன். "காலனிக்காரி கையால குடிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அஞ்சலை, அது இல்லம்மா" என்றார். "டீ நல்லா இருந்துதுன்னா உங்கள எனக்குப் புடிச்சிப் போயிடும். நீங்க மறுபடியும் மனுவோட எங்கிட்ட வருவீங்க இல்ல? அது முடியட்டும்" என்றார்.

கார் போனபிறகும் அங்கேயே நின்றேன். 'வருவீங்க இல்ல' என்று அவர் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

அடுத்த கோடை லீவுக்கு முன்னால் மனுப் போட்டேன். அதே எதிர் வக்கீல் எழுந்தார். "இந்தம்மா கோர்ட்டு கேன்டீன்லயே வேல பாக்கறாங்க. தங்களுக்குத் தெரிஞ்சவங்களாயிட்டாங்க. எங்களுக்கு நியாயம் கெடைக்குமான்னு சந்தேகமா இருக்குதும்மா" என்றார்.

"சரியான சந்தேகம்" என்றார் ஜட்ஜம்மா. "நான் இவங்க கையால ஒரு டீ குடிச்சிருக்கறதா யாராவது சொல்லட்டும். இந்த வழக்க வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி நானே எழுதறேன்."

வக்கீல் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா. அம்மா குடிச்சதில்ல. நாங்கதான் குடிக்கறோம்."

"எப்படி இருக்கும்?"

"பிரமாதமா இருக்கும்மா" என்று சொன்னபிறகுதான் யாருக்கு எதிராக வந்திருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

நான் சூளைக்குப் போவதில்லை, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தீர விசாரித்து பவித்ராவை என்னிடம் கொடுத்தார். இந்தத் தடவை பேனாவை வைத்துவிட்டு என் மாமியார் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, நீங்க அவள நல்லாத்தான் வளர்த்தீங்க. அதுல கொற இல்ல" என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னை அவர் பார்க்கவே இல்லை.

ரிட்டயர் ஆனபின் ஒரு நாள் ஏதோ வேலையாக விழுப்புரம் வந்தவர், நேராகக் கேன்டீனுக்குள் நுழைந்து, "அஞ்சலை, டீ போடு" என்றார். நின்றபடியே ஒரு வாய் குடித்தார். "சக்கர தூக்கலா இருக்குதே. இதுக்காடி இத்தன வருசம் காத்துக்கினு இருந்தேன்?" 'நீங்க' போய் 'டி' வந்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று அவரிடம் கேட்டேன். "உங்களுக்கு எங்க யார் மேலயும் ஒரு இது வராதாம்மா?"

"வராம? மொத நாளே எனக்கு உன்னப் புடிச்சிப் போச்சு. எங்கம்மாவும் உன்ன மாதிரிதான், எவ்ளோ சொன்னாலும் நாலு பேர் முன்னாடி அழமாட்டா. உம் பக்கமே சாஞ்சிக்கினு இருந்தேன். அதனாலதான் உம் மேல இருக்கற கொறைய ரெண்டு தடவ பார்த்தேன். சாயாம இருக்க முடியாது அஞ்சலை. எந்தப் பக்கம் சாயறோம்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்ளோதான்."

அடிவயிற்றில் கிடந்த கேள்வியையும் அன்றே கேட்டுவிட்டேன். "அந்த ஒரு வருசம் எம் புள்ள எங்கிட்ட இல்லாம போச்சே. அது சரிதானாம்மா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். சட்டம் சொல்லுவார் என்று பார்த்தேன். "தெரியலடி" என்றார். "அன்னிக்கு எம் முன்னாடி இருந்தத வச்சி சொன்னேன். இப்பவும் சில நாள் அதப் படுத்துக்கினே யோசிப்பேன். தெரியல."

அவருடைய தீர்ப்புகளைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுவார்கள். எனக்கு அந்தத் 'தெரியல' போதும். பெரிய இடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் வலியைச் சரி என்று சொல்லி மூடிவிடாமல், தானும் சுமந்துகொண்டிருந்தார்.

சாவுக்குப் பவித்ராவோடு திண்டிவனம் போனேன். பெரிய வண்டிகளும் மாலைகளுமாகக் கூட்டம். பந்தல் ஓரத்தில் என் மாமியார் நின்றுகொண்டிருந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். மகன் வேறு குடும்பம் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார், கிழவி தனிக்கட்டை. வழக்குக்குப் பிறகு நானும் அவரும் பேசிக்கொண்டது கிடையாது. பவித்ரா மட்டும் போய்வருவாள்.

"எனக்கும் வெளங்கற மாதிரி சொன்ன மவராசி" என்று மூக்கைச் சிந்தினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இவ காலேஜு திண்டிவனத்துலதான சேர்ந்திருக்கா. டெய்லி பஸ்ல வந்து வந்து இளைச்சிப் போயிட்டா. எங்கூடவே இருந்து படிக்கட்டுமே. நானும் ஒண்டியா கெடக்கறேன்" என்றார்.

வேணாம் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நான் ரெண்டு நாள் கழிச்சி சொல்றேன் அத்தை. இப்ப கேட்டா பழைய கோவம்தான் பேசும்" என்றேன். கிழவி தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பவித்ரா காலையில் இருட்டோடு எழுந்து ஓடுவதையும், சாயங்காலம் சாப்பிடாமலே சுருண்டு படுப்பதையும் ஒரு பக்கம் வைத்தேன். என் பக்கம் வைக்க, அவள் இல்லாமல் எனக்கு முடியாது என்பது ஒன்றுதான் இருந்தது. ஞானசுந்தரி அம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான், பதில் சொல்வதற்கு முன்னால் என் மனசு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எனக்கு நானே ஒளிக்காமல் பார்த்துக்கொள்வது.

திங்கட்கிழமை அவளுடைய பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய்ப் பாட்டி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அறை வெறிச்சென்று கிடக்கிறது. சரியாகச் செய்தேனா என்று கேட்டால் எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை வருவாள்.