அருவி நிறையும் மாதம்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே, மானாவாரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது சௌந்திரத்தின் வீடு. அவள் கணவன் தனபால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். கல்யாணமான இரண்டாம் மாதமே சத்தீஸ்கர் பக்கம் போனவன், வருடத்தில் பெரும்பகுதி அங்கேதான். மழை பிடித்துக்கொண்டால் அந்தக் காட்டு ரோட்டில் ரிக் வண்டி போகாது. அப்போதுதான் ஊருக்கு வருவான்.

வந்தாலும் விருந்தாளி மாதிரித்தான் இருப்பான். போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஆட்டுப் பட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அங்கே போய்விட்டால் மட்டும் போனில் நன்றாகப் பேசுவான். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேசியப் பூங்கா; அதற்குள் நடந்து போனால் பெரிய அருவி. லீவு நாளில் போய்க் குளித்ததை ஒரு சித்திரையில் சொன்னான்.

“இப்ப நூலாட்டந்தான் உளுகுது. மழைல பாக்கோணும் புள்ள, பாறையே தெரியாதாம்.”

“நீங்க பாத்ததில்லீங்களா?”

“மழைன்னா நான் ஊட்டுல இருப்பனே.”

மகள் தனப்பிரியா நர்சிங் படிக்க சேலம் விடுதிக்குப் போன வருடம், ஆடியில் அவன் வந்திருந்தபோது சௌந்திரம் கேட்டேவிட்டாள்.

“ஏனுங்க, அந்த அருவிக்குப் போலாமுங்களா?”

“இப்பத்தான அங்கிருந்து வந்தேன்!” என்று மழுப்பிப் பார்த்தான். அவள் விடவில்லை. ஆடுகளைப் பக்கத்துக் காட்டுப் பெருமாயியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ரயிலேறினார்கள்.

பூங்கா வாசலில் இருந்த வனக்காவலர் தனபாலைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். இவன் இந்தியில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீக்கடைக்காரி அவன் கேட்காமலே சர்க்கரை போடாத டீயை நீட்டினாள். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று சௌந்திரத்துக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் அவள் எப்படிப் போட்டுக் கொடுத்தாலும் வாய் பேசாமல் குடித்துவிடுவான்.

உள்ளே சேற்றுப் பாதை. மரவேர்கள் வழுக்கின. எந்தக் கல் ஆடும் என்று தெரிந்தவனாக அவன் முன்னால் நடந்தான். வழியெல்லாம் பேச்சு: தேன் எடுத்த மரம், கரடி குறுக்கே வந்த இடம், பயந்து ஓடியதில் செருப்பைத் தொலைத்த ஓடை. அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இவ்வளவு பேசுகிற ஆளா இவர்? இந்த ஆளோடு நான் என்றைக்குக் குடும்பம் நடத்தினேன்?

மரங்கள் விலகியதும் அருவி தெரிந்தது. செம்மண் கரைந்த தண்ணீர், மலை முழுக்கச் சரிந்து வருவதுபோல விழுந்தது. சாரலில் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். அவனும் அதை அப்போதுதான் பார்க்கிறான். வாயைத் திறந்தபடி நின்றான்.

“இங்கியே ஒரு ஊடு பாருங்க. நானும் வாரேன்” என்றாள் சௌந்திரம்.

சத்தத்தில் கேட்கவில்லை. “என்ன?” என்று காதைக் கொண்டுவந்தான்.

“இங்கியே ஊடு பாருங்க! இனி என்னால தனியா இருக்க முடியாதுங்க!”

இப்போது கேட்டது. துண்டைப் பிழிந்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டான். அவள் கண்ணில் இருந்தது சாரலா என்று கேட்கவில்லை.

ஐப்பசியில் வேலைக்குக் கிளம்பினான். பஸ் ஏறும்போது, அவள் கேட்காமலே, “ஊடு பாக்கறேன்” என்றான். சொன்னபடி பார்த்து, தை மாதம் போனில் சொன்னான்.

“ஒரு ஊடு இருக்குது புள்ள. ஆனாத் தண்ணி தொலவு. ஒண்ணரை மைல் போயித்தான் எடுக்கோணும். உனக்கு ஆகாது.”

“பரவால்லீங்க. எடுத்துக்கறேன்.”

அந்தப் பக்கம் ரிக் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. “வண்டில கூப்படறாங்க, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டான்.

இப்போது பங்குனி. தினமும் பேசுகிறான், வீட்டைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை. சௌந்திரமும் கேட்பதில்லை. ஆடுகளை விற்கலாமா என்று பெருமாயியிடம் மட்டும் இரண்டு முறை விசாரித்து வைத்திருக்கிறாள்.