எதிர் வீட்டில் சொறியாத நாய்

என் வீட்டில் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்த நாய், எதிர் வீட்டுக்குப் போனால் சொறியாது. எங்கள் வீட்டில் அதை முதலில் கவனித்தவள் நான்தான். கவனித்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டவளும் நான்தான்.

மகன் வேங்கிக்காலில் வீடு கட்டி, தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டு, என்னைக் கூட்டிவந்த வருஷம் வந்தவன் அவன். கீழ்பென்னாத்தூரிலிருந்து மஞ்சப்பையில் வைத்துத் தூக்கிவந்த குட்டி. செவலை நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அவனும்தான். வேறு யார் பிஸ்கெட் நீட்டினாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்னொரு பெருமை என் தரை. காலையும் சாயங்காலமும் பினாயில் ஊற்றித் துடைப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை தெரிய வேண்டும். முன்பெல்லாம் வண்டியில் கூவிக்கொண்டு வருபவரிடம் வாங்குவேன். போன வெயில் காலத்தில் மகன் கடையிலிருந்து பெரிய கேன் ஒன்று கொண்டுவந்தான். கெட்டியாக இருந்தது. பழைய பழக்கப்படியே வாளிக்கு அரை டம்ளர் ஊற்றினேன். வாசனை தெருவரைக்கும் போனது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

எதிர் வீட்டுக்காரி வேறு ரகம். என்னைவிட அஞ்சாறு வயது சின்னவள், தனியாக இருப்பவள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நிலத்திலிருந்து மல்லாட்டை மூட்டை வந்துவிட்டால் அவள் வீடு முழுக்க அந்தத் தோல்தான் கிடக்கும். சிமெண்டுத் தரை. வெள்ளிக்கிழமை மட்டும் வெறும் தண்ணீரில் ஒரு துடை. அவள் வீட்டில் காபி குடித்தால் நான் நின்றுகொண்டே குடிப்பேன்.

அந்த வெயில் காலத்திலேயே நாய்க்கு அரிப்பு ஆரம்பித்தது. அடிவயிறு, அக்குள், கால் விரல் இடுக்கு. நக்கி நக்கிச் செக்கச்செவேல் என்று ஆக்கிக்கொண்டான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். குப்பைமேனி பூசினேன். அடங்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். காதைப் புரட்டி உண்ணி தேடினாள். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். பூச்சி எதுவும் இல்லை என்றாள். முட்டையை நிறுத்தச் சொல்லி ஊசி போட்டாள். நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி அனுப்பினாள்.

எதிர் வீட்டுக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, திருவிழாக்கு ஸ்பீக்கர் கட்டிட்டீங்களா?"

"உன் வேலையப் பாரு" என்றேன்.

ஊசி நாலு நாள் கேட்டது. பிறகு பழைய கதைதான். ஒரு மத்தியானம் அவனைக் காணாமல் தேடிப் போனேன். எதிர் வீட்டில் மல்லாட்டைத் தோல் நடுவே, ஒரு கோணியின் மேல், நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். ஒரு தரம்கூடச் சொறியவில்லை.

"தினம் வர்றான்க்கா. இங்க ஒரு தபாகூட சொறியறதில்ல."

"இன்னா போடற அதுக்கு?"

"இன்னா போடறேன், ரெண்டு மல்லாட்டை போடுவேன். பாசம்தான்" என்று சிரித்தாள்.

பீயள்ளி, குளிப்பாட்டி, மருந்து பூசி வளர்த்தவள் நான். அரிப்பு மட்டும் எனக்கு, நிம்மதி அவளுக்கா? அன்றைக்கே சங்கிலி வாங்கிவரச் சொல்லி, கூடத்து ஜன்னல் கம்பியில் அவனைக் கட்டிப்போட்டேன். மகன் ஏனென்று கேட்டதற்கு, "தெருவுல போய் சொறி ஒட்டிக்கினு வர்றான்" என்றேன்.

கட்டிப்போட்ட பிறகு ஜாஸ்தியானது. கூம்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து உடைத்தான். முழங்கையில் மயிர் கொட்டிப் புண்ணானது. டைல்ஸில் ரத்தப் பொட்டு. புண் நாற்றம் போகட்டுமென்று இன்னும் கொஞ்சம் பினாயில் சேர்த்துத் துடைத்தேன்.

இரண்டாம் தடவை போனபோது டாக்டரம்மா கேட்டாள். "எங்கயாவது போனா சொறியாம இருக்குதாங்க?"

"எங்கயும் போறதில்ல" என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

மூன்றாம் தடவை மகன் அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. உடம்பு நடுங்கியது. டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்த ஊசிய இப்படியே போட்டுக்கினு இருந்தா உள்ள எல்லாம் கெட்டுடும்மா. நீங்க எதையாவது சொல்லாம விட்டா நான் தப்பாத்தான் வைத்தியம் பண்ணுவேன்."

அவன் மேஜைமேல் இருந்தபடி என்னையே பார்த்தான். பிஸ்கெட்டுக்குப் பார்ப்பானே, அதே பார்வை.

"எதிர் வீட்ல சொறியறதில்ல" என்றேன். மகன் என் பக்கம் திரும்பினான்.

"அந்த வீட்டுத் தரை எப்படி?"

"ஒரே அழுக்கு."

"உங்க வீட்ல?"

"ரெண்டு வேளையும் பினாயில் போட்டுத் தொடைக்கிறேன்."

டாக்டரம்மா என் கையைக் கேட்டாள். நீட்டினேன். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன். என் விரலையும் அவன் கால் விரலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"ஈரத் தரைமேலயே நடக்கிறான், அதுலயே படுக்கிறான், அப்புறம் நக்கறான். புண்ணு ஆறுற வரைக்கும் பினாயில் இல்லாத எடத்துல வைங்க. உங்க தரைய நல்ல தண்ணி விட்டுக் கழுவிடுங்க. வெளியில போய்ட்டு வந்தா காலைக் கழுவித் தொடைச்சி விடுங்க."

வீட்டுக்கு வந்து கேனை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். எனக்கு அப்படித்தான் படிக்க வரும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தது. மூடியையும் டம்ளரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதிர் வீட்டு விஷயத்தை ஏன் மறைத்தாய் என்று கேட்க மகனுக்கு வாய் இருந்தது, கேட்கவில்லை. அது அவன் நல்ல குணம்.

பினாயில் இல்லாத இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். சங்கிலியை அவிழ்த்தேன். நொண்டிக்கொண்டே எனக்கு முன்னால் தெருவைத் தாண்டினான். அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

"கொஞ்ச நாளு இங்க இருக்கட்டும்" என்றேன்.

"என் வீடு அழுக்காச்சேக்கா."

"அழுக்குதான். இருக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. கோணியை உதறி இரண்டாக மடித்துப் போட்டாள். "நீங்க வந்து சோறு வைங்க. நான் வச்சா பாதிதான் துன்றான்" என்றாள். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா, இன்றுவரை தெரியாது. தினமும் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெந்நீரில் கால் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, மருந்து பூசிவிட்டு வருவேன். காபி கொடுத்தாள். உட்கார்ந்துதான் குடிக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதத்தில் முழங்கையில் பூனை மயிராக முளைத்தது. என் கையும் ஆறிவிட்டது. இப்போது வெறும் தண்ணீரில்தான் துடைக்கிறேன். வீட்டில் ஒரு வாசனையும் இல்லை. வருகிறவர்கள் கவனிக்கிறார்களோ என்று முகத்தைப் பார்ப்பேன்.

என் தரையிலும் இப்போது அவன் சொறிவதில்லை. ஆனாலும் மத்தியானம் சோறு தின்றதும் எழுந்து எதிர் வீட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே போக இனி அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது என்று ஜன்னலில் நின்று யோசிக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. சாயங்காலம் வருவான். வயிற்று மயிரில் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருக்கும். காலைக் கழுவிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவள் வாசல் பக்கமாகவே எறிகிறேன்.