சாமுவேல் ஏன் மஞ்சள் கோட்டைத் தாண்டினான்

சாமுவேல் இறந்துவிட்டான். நேற்று மத்தியானம், வேலை செய்யும் இடத்தில்.

செங்கல்பட்டு ஜி.எச். வாசலில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். பாடி இன்னும் கைக்கு வரவில்லை... அதற்குள் வீடியோ வந்துவிட்டது.

ஆறு செகண்ட். எங்கள் ஷெட் சிசிடிவியில் வெட்டி எடுத்தது. சாமுவேல் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடுகிறான், விழுகிறான். அவ்வளவுதான். 'ஊழியரின் கவனக்குறைவு, ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி எங்கள் முதலாளியே குரூப்பில் போட்டிருக்கிறார்.

கவனக்குறைவாம். சாமுவேலுக்கு! 

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈசிஆரில் கோவளம் தாண்டி எங்கள் கார் ட்யூனிங் ஷெட். அங்கே டைனோ என்று ஒரு மெஷின். கார் சக்கரத்தை உருளை மேல் ஏற்றி, பெல்ட் போட்டுத் தரையோடு இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டி பவரை அளப்போம். ஓட்டுவதும் அளப்பதும் சாமுவேல். பெல்ட் கட்டுவது நான். ஒன்பது வருஷம்.

மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. வண்டி ஓடும்போது அதற்குள் ஒரு ஆளும் இருக்கக் கூடாது. அந்தக் கோட்டைப் போட்டதே அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வந்து, பெயின்ட் டப்பாவோடு குந்தி உட்கார்ந்து போட்டான்.

ஒருமுறை எல்லோரும் முட்டுக்காடு போட்ஹவுஸ் போனோம். முதலாளி லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். "மாட்டிக்கினு இன்னா வேணா எடு சார். அப்பாலதான் போட்டு நவுரும்" என்று சாமுவேலே அவருக்குப் போட்டுவிட்டான்.

அந்த மனுஷன்தான் இன்று கவனக்குறைவு என்று எழுதுகிறார்.

நாவலூரிலிருந்து ஒருத்தர் ஆட்டோமேட்டிக் கார் கொண்டுவந்தார். கம்பெனி சொன்ன பவர் வரவில்லை என்று ஒரே சண்டை. "அவுங்க சொல்றது எஞ்சின் பவரு சார். நாம சக்கரத்துல அளந்துகினு கீறோம். நடுவுல கியர் பாக்ஸு கீதுல்ல, அது தன் பங்கத் துன்னுட்டுதான் மீதிய வுடும்" என்றான் சாமுவேல்.

கொஞ்சம் கூட்டி பிரிண்ட் போடச் சொன்னார் அவர். "நீயே பேனாவுல எழுதிக்க சார். மெசினு இத்தத்தான் சொல்லுது" என்று அனுப்பிவிட்டான். அப்படிப்பட்டவன்.

ஆட்டோமேட்டிக் என்றாலே அவனுக்கு இரட்டை ஜாக்கிரதை. ஒரே கியரில் பிடித்து அளக்க வேண்டும். ஆக்சிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்தால் கடைசியில் ஒரு க்ளிக் வரும். அதைத் தாண்டினால் வண்டி தானாகக் கியரைக் குறைத்துக்கொண்டு எகிறும். அளவும் கெடும், பெல்ட்டும் தாங்காது.

அதற்காகப் புது ரப்பர் செருப்பு வாங்கி, குதிகால் பக்கத்தை வெட்டி, ஆக்சிலேட்டருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டுவான். மிதி அந்த க்ளிக் வரை போகாது. எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, அவனாகக் கண்டுபிடித்தது.

நேற்று வந்ததும் ஆட்டோமேட்டிக்தான். வந்தவர் முதலாளிக்கு வேண்டப்பட்டவர். என் வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்றார். சாமுவேல் கூடாது என்றான். "சார் எவ்ளோ வண்டி ஓட்டினவரு தெரியுமா? நீ கம்ப்யூட்டரப் பாரு" என்றார் முதலாளி.

வந்தவர் சீட்டில் உட்கார்ந்ததும் கீழே பார்த்தார். "இன்னாய்யா இது, என் வண்டியில செருப்பு?"

"புதுசு சார், யாரும் கால்ல போட்டதில்ல. அது இல்லாங்காட்டி வண்டி எகிறிடும்."

"உங்க ஆளுங்க புத்தி செருப்பத் தாண்டாதேய்யா."

உங்க ஆளுங்க என்றால் யார் என்று எனக்குப் புரிந்தது. சாமுவேலுக்கும் புரிந்தது. முதலாளிக்கும் புரிந்தது... சிரித்தார்.

அந்த ஆள் செருப்புத் துண்டைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தார். அது உருளைக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே சிக்கினால் வம்பு என்று நான் கோட்டைத் தாண்டிப் போய்க் குனிந்தேன். அவர் சாமுவேலின் கை சிக்னலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஒரே மிதி.

வண்டி கத்திக்கொண்டே வேகம் ஏறியது, அப்புறம் எகிறியது. "மச்சான், வெளிய வாடா!" என்று ஒரு சத்தம். சாமுவேல் ஓடி வந்து இரண்டு கையாலும் என்னைத் தள்ளினான். நான் அந்தப் பக்கம் போய் விழுந்தேன். பெல்ட் அறுந்து, அதன் இரும்புக் கொக்கி அவன் தலையில் அடித்தது.

வீடியோவில் நான் இல்லை. படத்தின் ஓரத்தில் நான் இருக்கும் பகுதியையே வெட்டிவிட்டார்கள்.

காலையில் முதலாளி ஒரு பேப்பரை நீட்டினார். "அவனாத்தான் உள்ள போனான்னு கையெழுத்துப் போடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது." நான் உடனே மறுக்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு இங்கே வந்தேன். த்தூ... என்னைச் சொல்ல வேண்டும்.

இங்கே சாமுவேலின் மனைவி ஸ்டெல்லா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ண்ணா, இவுரு ஏன் உள்ள போனாரு? தெருவுல வண்டிய ரிவர்ஸ் எடுத்தாலே எட்ட நில்லு எட்ட நில்லுன்னு கத்துவாரே..."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா, பதில் இதுதான். கோட்டுக்குள் நின்றவன் நான். என்னைத் தள்ளிவிடத்தான் அவன் வந்தான்.

பேப்பரைக் கிழித்துவிட்டேன். இங்கே எழுதியதையே ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கிறேன். முதலாளி சார், தைரியம் இருந்தால் முழு வீடியோவையும் போடுங்கள்.

சாமு, உன் பெட்டியைத் தூக்க நான் வருகிறேன்டா.

ஸ்டெல்லா விட்டால்.