ஜன்னல் இல்லாத சாம்பல் கட்டம்

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. ஒரு கோடு கோணினால் சோறு இறங்காத ஜென்மம் அது. பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமித்து, பொழுது சாய்ந்ததும் ஊருக்குக் கொடுக்கிற பேட்டரி நிலையத்தை வரையும் பொறுப்பு முதன்முதலாக அவள் தலையில் விழுந்தது. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இடம் எங்கே அமைந்தது தெரியுமா? அவளுடைய அக்கா வீட்டுக்குப் பின்னால் கிடந்த பொட்டலில்! மேனேஜரிடம் உடனே சொல்லிவிட்டாள். "நல்லதாப் போச்சு, அக்கம்பக்கம் சண்டைக்கு வந்தா உங்க அக்கா பார்த்துக்குவாங்க" என்று சிரித்தார் அவர்.

அம்மா போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர்கள் அக்காவும் மாமாவும்தான். மாமா இரவு பஸ் டிரைவர். ஊரே தூங்கும்போது வண்டி ஓட்டுவார், ஊரே விழித்திருக்கும்போது தூங்குவார். அதனால் அந்த வீட்டில் பகலில் மிக்ஸி ஓடாது, கதவு சாத்தும் சத்தம் கேட்காது. அவளும் அங்கே பூனைநடை நடந்தே வளர்ந்தவள். படித்ததெல்லாம் வாய்க்குள்ளேயே படித்த படிப்பு.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்தின வாரம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மூச்சிரைக்க ஒரு மெத்தையைச் சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். தட்டுமுட்டுச் சாமான் குவிந்த, ஜன்னலே இல்லாத அறை.

"என்னக்கா இது?"

"மெதுவாப் பேசுடி. மாமா இனிமே இங்கதான் படுக்கப் போறார்."

"இந்தப் புழுக்கத்துலயா?"

"பின்ன? பேட்டரியச் சூடாகாம வைக்கப் பெரிய பெரிய ஃபேன் ஓடும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே. பின்பக்க ரூம்ல கண்ண மூட முடியுமா?"

சத்தக் கணக்கு போட்டது அவள்தான். ஆனால் ராத்திரிக்கு மட்டும் போட்டிருந்தாள். மனுஷர்கள் ராத்திரியில்தானே தூங்குவார்கள் என்று அந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. ராத்திரியில் அந்த ஃபேன்கள் சாதுவாகச் சுற்றும். உச்சி வெயிலில், பேட்டரி மின்சாரத்தைக் குடிக்கும் நேரத்தில்தான் பேயாகக் கத்தும். வரைபடத்தில் அக்கம்பக்கத்து வீடுகளைச் சாம்பல் நிறக் கட்டங்களாகப் போடுவது வழக்கம். அந்தக் கட்டத்துக்கு ஜன்னல் கிடையாது, உள்ளே ஆளும் கிடையாது. அந்தக் கட்டங்களில் ஒன்றின் முகத்துக்கு நேராகத்தான் வரிசையாக ஃபேன்களை நிறுத்தியிருந்தாள். அடிப்பாவி, தான் வளர்ந்த வீட்டுக்கே!

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உன் முதல் பிளான். நானே குறுக்க நிப்பேனா? வந்தவ டீ குடி."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பகலில் தூக்கம் கெட்ட மனுஷன் ராத்திரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? பின்னால் ஒரு வண்டி ஜனம் அவரை நம்பித் தூங்கிக்கொண்டு வருமே!

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றாள். பேட்டரி அடுக்கிய கண்டெய்னர்களைத் திருப்பி, ஃபேன்களை லாரி போகும் ரோட்டுப் பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்றாள். கேபிள் பாதை முதல் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டியிருக்கும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "விதிப்படி சரியாத்தானே இருக்கு? கூட்டத்துல யாராவது ஆட்சேபிச்சா பார்க்கலாம், போ."

கூட்டத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அக்கா முதல் வரிசையில் புதுப் புடவையில் உட்கார்ந்து, தங்கச்சி பேசியதற்கெல்லாம் தலையாட்டினாள். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கூட்டத் தலைவர் கேட்டார். ஒப்புதல் கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறந்தார்.

"எனக்கு இருக்கு" என்றாள் ஸ்கேல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் திரையில் தெரிந்த சாம்பல் கட்டத்தைக் காட்டினாள். "இது ஒரு வீடு. இந்த இடத்துல ஒரு ஜன்னல் இருக்கு. அதுக்குப் பின்னால ஒருத்தர் பகல்ல தூங்கணும். நான் அவரை மறந்துட்டேன். தப்பு என்னோடது."

சிரிப்பு அடங்கியது. மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆட்சேபம் பதிவானது, திட்டம் திரும்பி வந்தது. வாசலில் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஊர் முன்னாடி நானே தப்பு பண்ணேன்னு சொல்லணுமா? பைத்தியம்! வேலை போனா என்னடி பண்ணுவ?" திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த திட்டத்தின் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழு வரைபடத்தையும் மறுபடி வரைந்தாள்.

நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள், உச்சி வெயிலில், பூனைநடை நடந்து அக்கா வீட்டுப் பின்பக்க அறை வாசலில் போய் நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஃபேன் சத்தம் லேசாக, எங்கோ தூரத்தில். மற்றபடி அறை முழுக்க மாமாவின் குறட்டைதான்.

பின்னால் வந்த அக்கா அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, காதோடு கேட்டாள்: "இதுக்கு ஏதாவது பிளான் போட முடியுமாடி?"