அப்பா இலையை வழித்துத் தின்ற நாள்

போன மாசம் காஞ்சிரங்குளத்தில் மாமி மகளுக்குக் கல்யாணம். மாமி என்றால் அப்பாவின் தங்கச்சி. பந்தியில் எல்லாருக்கும் சோறு விளம்பினார்கள், அப்பாவுக்கு மட்டும் கஞ்சி. யாரும் ஒண்ணும் கேட்கவில்லை. முன்னே அப்படி இல்லை.

அப்பா கொத்தனார். நான் ஒண்ணாம் கிளாசில் படிக்கும்போது குடல்வால் பழுத்து வெடித்து அவருக்கு வயிற்றைக் கீறினார்கள். வெளியே தையல் ஆறி ஒரு கோடாகிப்போச்சு. உள்ளே ஆறினபோது குடல் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கொண்டதாம். பிரித்துவிடத் திரும்பக் கீறினால் திரும்பவும் ஒட்டும் என்று டாக்டர் சொன்னார். அதனால் அப்படியே விட்டாச்சு. கஞ்சிதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, நார் உள்ள ஒண்ணும் ஆகாது. மீறினால் குடல் அடைத்துக்கொள்ளும். வயிறு கல்லாகும். பச்சையாகக் கக்குவார். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே குழாய் விட்டுப் போட்டிருப்பார்கள். அடைப்பு விட்டால் வீடு. விடாவிட்டால் கத்தி.

ஊரில் இதை நம்பினவர்கள் குறைவு. புண்தான் ஆறிப்போச்சே என்பார்கள். நம்பினவர்களாலும் உபகாரம் இல்லை. அண்ணன் தீராத நோயாளி என்று கேள்விப்பட்டு மாமிக்கு வந்த ஒரு சம்பந்தம் தட்டிப் போனது. தாத்தா உயிரோடு இல்லை. கல்யாணத்தை முன்னே நின்று நடத்த வேண்டியது அப்பாதான். மாமிக்கு வயசும் ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறம் வந்தது இந்தக் காஞ்சிரங்குளம் சம்பந்தம். அவர்கள் எங்கள் ஊர் பாறசாலைக்கு வந்து பெண்ணைப் பார்த்துப் போனார்கள். பிடித்திருந்தது. அப்பாவின் வயிற்றுக் கதை அவர்களுக்குத் தெரியாது. இனி நாங்கள் அங்கே மாப்பிள்ளை வீடு காணப் போக வேண்டும். போனால் தின்ன வேண்டும். பெண்வீட்டார் சரியாகத் தின்னாமல் எழும்பினால் வீடு பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அம்மா ஒரு வழி கண்டாள். என்னையும் கூட அனுப்பினாள். நான் நல்லாத் தின்பேன்.

"அப்பா பக்கத்துல இரு. அப்பா உன் இலையில வைக்கதை எல்லாம் தின்னு. ஒண்ணும் கேக்காத," என்றாள்.

எனக்குச் சந்தோஷம். தின்னச் சொல்லி யாரும் என்னை எங்கேயும் அனுப்பினதில்லை.

சொந்தக்காரர் நாலைந்து பேரோடு ஜீப்பில் போனோம். நல்ல வீடு. கிணற்றில் மோட்டார் வைத்திருந்தார்கள். பின்னால் தொழுத்தில் பசு நின்றது. மாமியிடம் சொல்ல எல்லாம் பார்த்து வைத்தேன்.

இலை போட்டார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைகளுக்கு அடுக்களைப் பக்கமாக்கும். வா மக்கா, அங்க முதல்லேயே பாயசம் உண்டு."

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"போ மக்கா," என்றார்.

போனேன். பாயசம் உண்டு என்றால் போகாமல் இருப்பேனா.

அடுக்களை ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார். சோற்றை இலையில் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் விளம்பிக்கொண்டே வந்தவர், அப்பா முன்னால் நின்றுவிட்டார்.

"என்ன கொத்தனாரே, கோழி கொத்துதது மாதிரி தின்னுதீரு? எங்க கறி பிடிக்கல்லியா, இல்ல எங்க பயலப் பிடிக்கல்லியா?"

பந்தி சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு எல்லாரும் அப்பாவின் இலையைப் பார்த்தார்கள்.

"ரெண்டும் பிடிச்சாச்சு. மரச்சீனி இன்னும் கொஞ்சம் வையும்," என்றார் அப்பா.

தின்றார். மரச்சீனி, மீன், சக்கைத் துவரன், சோறு. இலையை வழித்துத் தின்றார். அப்பா அப்படித் தின்று நான் பார்த்ததே இல்லை. தாய்மாமன் அவர் தோளில் தட்டினார்.

"இதாக்கும் சம்பந்தக்காரன்."

அங்கே இருந்தே நிச்சயத்துக்கு நாள் பேசினார்கள்.

திரும்பும்போது அப்பா வயிற்றில் கையை வைத்துக் குனிந்து இருந்தார். தின்ற மயக்கம் என்று நினைத்தேன்.

ஜீப் நின்றதும் நான் முதலில் குதித்து ஓடினேன். மாமி வாசல் நடையில் நின்றாள்.

"மாமி, அப்பாக்கு சுகமாச்சு. மரச்சீனி கேட்டு வாங்கித் தின்னாரு," என்றேன்.

மாமி மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. மோட்டாரையும் பசுவையும் சொல்ல நான் காத்து நின்றேன்.

"வண்டிய எடுக்காத, அங்கேயே நிக்கட்டு," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அப்பாவின் வேட்டி, போர்வை, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். திணிக்கும்போதே அழுதாள்.

மாமிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன்.