கட்டைவிரல் பதில்

என் மனைவி கல்லூரியில் தத்துவம் நடத்துகிறாள். அதிலும் நிகழ்வியல். எதையும் விளக்கக் கிளம்புமுன், அது நமக்கு எப்படித் தோன்றுகிறது என்று முன்முடிவில்லாமல் பார்க்கச் சொல்லும் படிப்பு. வீட்டில் சாவிக்கொத்து கண்ணெதிரே கிடந்தாலும் அவளுக்குத் தோன்றாது. அது வேறு கதை.

அவளுக்கு ஒரே தங்கை. அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவள். கை நடுங்குவதாகவும், டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பதாகவும் ஒருநாள் போனில் நீளமாக எழுதியிருந்தாள். வகுப்புக்கு ஓடிய அவசரத்தில் இவள் அதைப் படிக்காமலேயே கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வார்த்தை தடித்தது, பழைய மனத்தாங்கலெல்லாம் கிளம்பியது. தங்கை குழுவைவிட்டே வெளியேறினாள். கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

பிறகு என் மனைவி அந்தச் செய்திகளைத் தோண்டித் துருவி ஆராய்ந்தாள். சின்ன வயதிலிருந்தே தங்கைக்குத் தன்மேல் பொறாமை என்று தீர்ப்பும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற. உன் தங்கச்சிய நேர்ல கடைசியா எப்ப பார்த்த?"

அவளுக்கு நினைவில்லை. இத்தனை நாள் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறாள், தங்கையை அல்ல. முகம் வாடிப்போய், "வண்டிய எடுங்க" என்றாள்.

கதவைத் திறந்த தங்கை முறைத்தாள். என் முகத்துக்காக உள்ளே விட்டாள். யார் மேல் தப்பு என்று இப்போது பேச வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வோம் என்றாள் மனைவி. இங்கேயுமா வகுப்பு என்று நான் தலையைச் சொறிந்தேன்.

அக்கா இளைத்துவிட்டாள், தலையில் முன்பக்கம் மட்டும் சாயம் என்று தங்கை வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து மனைவியின் முறை. மேசைமேல் இருந்த தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நடுங்குதுன்னு தெரியாதுடி."

"எழுதியிருந்தேனே."

"நான் படிக்கவே இல்லடி."

ஏன் படிக்கவில்லை என்று விளக்க இவள் வாயெடுத்தாள். தங்கை விடவில்லை.

"காரணமெல்லாம் வேண்டாம்க்கா. நாளைக்குத்தான் ரிப்போர்ட் வருது. பயமா இருக்கு. இங்கயே இரு."

மாற்றுத்துணிகூட எடுத்து வரவில்லையே என்று நான் இழுத்தேன். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னை யாரும் மதிக்காததில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.